ஒன்பது இசைத்தட்டும் பதினான்கு சாமானும்

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருடம் அடுத்தவர் நிலத்தை அளந்தவர். சர்வேயர் உத்தியோகம்; இந்த மாவட்டத்தில் அவர் அளவுச் சங்கிலி இழுக்காத வரப்பு குறைவு. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். முதல் வாரம் நான் உலைக்கு வைக்கிற தண்ணீரை அளந்தார். இரண்டாவது வாரம் வாசலில் கிடந்த செருப்புகள் நேர்கோட்டில் இல்லை என்றார். மூன்றாவது மாதம் ரெக்கார்டு பிளேயர் வந்து இறங்கியது. எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. இனி அதை அளக்கட்டும், என்னை விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

உச்சிப்புளியிலிருந்து புதுமடம் போகிற சாலையில் எங்கள் வீடு. நான் பக்கத்திலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் வார்டில் சுத்தம், சுத்தம் என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பிட்ட தட்டு காய்ந்துபோய் மேசையிலேயே கிடக்கும். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் என்னிடம் வந்து, "ஆஸ்பத்திரியில சர்ஜிக்கல் கிளவுஸ் இருக்கும்ல? ஒரு பெட்டி கொண்டா" என்றார்.

"எதுக்கு?"

"ரெக்கார்டைத் தொடுறதுக்கு. கைரேகை படக் கூடாது. விரல்ல எண்ணெய் இருக்கு."

"அது பிரசவம் பார்க்கிறதுக்கு வந்த கிளவுஸ்ங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிரசவம் பெரிதா, இசைத்தட்டு பெரிதா என்று உண்மையிலேயே யோசித்தார். முப்பது வருடம் குடும்பம் நடத்தியதில் அந்த முகம் எனக்குத் தெரியும்.

இசைத்தட்டு மொத்தம் ஒன்பது. மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் ஒரே கட்டாக வாங்கியது. கட்டாக வாங்கியதால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. நாலு சினிமாப் பாட்டு, இரண்டு நாகசுரம், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற தட்டு ஒன்று. இன்னொன்று என்ன மொழியென்றே தெரியவில்லை, ஒரு ஆள் மூச்சுவிடாமல் கோபமாகப் பேசிக்கொண்டே போகிறார். கடைசியாக ஓர் உர விளம்பரம். நெல்லுக்கு மேலுரம் எப்போது போடவேண்டும் என்று ஒரு பெண் காதலனிடம் சொல்வதுபோலக் குழைந்து சொல்வாள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதில் மட்டும்தான் ஏதோ விஷயம் இருந்தது.

இந்த ஒன்பதைப் பராமரிக்க வாரத்துக்கு ஒரு பார்சல் வந்தது. தூசு தட்ட, தலைமுடியைவிட மெல்லிய கறுப்பு நார் வைத்த பிரஷ். அந்தப் பிரஷ் தட்டிய பிறகு துடைக்க வெல்வெட் வைத்த கட்டை. ஊசியைச் சுத்தம் செய்ய, குழந்தைக்குப் பல் விளக்குகிற அளவில் ஒரு குட்டிப் பிரஷ். அதற்கும் மேலே, ஊசியை மெதுவாக இறக்கி எடுத்தால் அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும் என்று பசை மாதிரி ஒன்று, சின்ன டப்பியில். தட்டின் நடுவில் வைத்து அமுக்க, அம்மிக் குழவியின் தலையை வெட்டிவைத்த மாதிரி ஒரு பித்தளைக் குண்டு. ஊசி எவ்வளவு பாரத்தில் தட்டின்மேல் உட்காருகிறது என்று பார்க்க ஒரு தராசு. கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும். எங்கள் வார்டில் பிறந்த குழந்தையை எடை போடுகிற மெஷினுக்கு அந்த யோக்கியதை கிடையாது.

ரசமட்டம் மட்டும் வாங்கவில்லை. சர்வேயர் வீட்டில் அது ஏற்கெனவே மூன்று இருந்தது.

இதில் உபயோகமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நானும் சுத்தத்தில் காலம் தள்ளுகிறவள். கறுப்பு நார் பிரஷ் தேவை, ஊசிப் பிரஷ் தேவை, தட்டை வைக்க நல்ல உறை தேவை, மேலே ஒரு மூடி தேவை. மிச்சமெல்லாம் ஊசிக்குப் போடுகிற நகை.

உச்சம் துப்பாக்கிதான். தட்டில் மின்சாரம் ஏறி தூசு ஒட்டிக்கொள்ளுமாம். அதைப் போக்க, பார்க்க அசல் துப்பாக்கி மாதிரியே ஒன்று உண்டு. விசையை மெதுவாக அழுத்தி மெதுவாக விடவேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு காலை நேரம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணைச் சுருக்கி, மேலுரப் பெண்ணைச் சுட்டுக்கொண்டிருந்தார். பால் ஊற்ற வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, செம்பை வாசற்படியிலேயே வைத்துவிட்டு ஓடிவிட்டாள். மறுநாள் கேட்டுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, சாருக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஏன்?"

"துப்பாக்கி வச்சிருக்காகளே. யார்கூடவும் நெலத் தகராறா?"

எங்கள் சாலையில் பாதிப் பேர் இன்னும் அதைத்தான் நம்புகிறார்கள். அதன்பிறகு வேலிப் பிரச்சினை சொல்லிக்கொண்டு யாரும் அவரிடம் வரவில்லை. அந்த ஒரு வகையில் துப்பாக்கி உபயோகப்பட்டது.

ஒரு பக்கம் பாடி முடிக்க இருபது நிமிடம். அதற்கு முன்னால் நடக்கிற பூசை நாற்பது நிமிடம். ரசமட்டம் வைத்து மேசையின் நாலு மூலையும் பார்ப்பார். தராசில் ஊசியை நிறுப்பார். பிரஷ், வெல்வெட், துப்பாக்கி, குண்டு. கடைசியில் ஊசி இறங்கி, நாகசுரக்காரர் மூச்சு இழுக்கிற நேரத்துக்குச் சரியாக ரயில் வரும், அல்லது தலைக்குமேல் கடற்படை ஹெலிகாப்டர் போகும். வீடு லேசாக அதிரும். அவர் ஓடிப்போய் ஊசியைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அதிர்வு தாங்குவதற்கென்று பிளேயருக்கு அடியில் வைக்க நாலு ரப்பர் பாதம் வரவழைத்தார். ரயிலுக்கு அது தெரியவில்லை.

உப்புக்காற்று வேறு தன் வேலையைக் காட்டியது. இரண்டு மழைக்காலம் போவதற்குள் தராசின் பேட்டரி வைக்கிற இடம் பச்சை பூத்தது. குண்டின்மேல் புள்ளி விழுந்தது. அதைத் துடைக்க ஒரு களிம்பு வந்தது. என் அண்ணன் முதுகுளத்தூரிலிருந்து வருடா வருடம் ஒரு மூட்டை மிளகாய் வத்தல் கொண்டுவந்து போடுவான், நான் மாடியில் காயப்போட்டு இடித்துவைப்பேன். அந்த வருடம், மாடியில் வத்தல் காயக்கூடாது, பொடி பறந்து ஊசிக்குள் போய்விடும் என்று உத்தரவு வந்தது. அண்ணன் மூட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டான்: "ஏத்தா, ஒம் புருசனுக்கு என்ன, கண் ஆப்பரேசனா?"

இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரிப்பேன். என்னோடு கேட்டுச் சிரிப்பவர்களில் முக்கியமானவள் எங்கள் வார்டு ஆயா. தீவில் அக்காள்மடத்துக்காரி. கடலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். தினமும் பஸ் பிடித்துப் பாலம் தாண்டி வருவாள். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. துப்பாக்கிக் கதையைச் சொன்ன அன்று மற்றவர்கள் சிரிக்க, அவள் மட்டும் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சிஸ்டர், சாரு மிசின்ல சின்ன பிளேட்டும் பாடுமா?"

அப்போதுதான் சொன்னாள். அவளுடைய அம்மா கோயில் பாடகர் குழுவில் இருந்தவர். ஐம்பது வருடத்துக்கு முன்னால் அந்தக் குழு மதுரைக்குப் போய் மாதா பாட்டு ஒன்றைத் தட்டில் பதிந்து வந்திருக்கிறது. அதில் நடுவில் தனியாகப் பாடுவது அவள் அம்மா என்று அப்பா சொல்வாராம். மறு வருடமே அம்மா பிரசவத்தில் இறந்துவிட்டார். இவள் அப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டில் தட்டு இருந்தது, பாட வைக்க மெஷின் இல்லை. இவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மைக் செட்டுக்காரர் ஒருவர் திருவிழாவுக்கு வாங்கிப்போய்ப் போட்டதுண்டு; அந்தக் கூட்டச் சத்தத்தில் இவளுக்கு ஒன்றும் பதியவில்லை. அவர் போனபிறகு அதுவும் இல்லை.

"அம்மா மொகம் லேசா ஞாபகம் இருக்கு. கொரலு ஞாபகமே இல்ல சிஸ்டர்."

"நாளைக்கே கொண்டா" என்றேன். என் வீட்டில் அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு.

மறுநாள் டூட்டி முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தோம். தட்டைத் துண்டில் சுற்றி, அதை ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றே வந்திருந்தாள். என் வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். துண்டைப் பிரித்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த தட்டு. மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. நடுவில் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"இதை எங்கன வச்சிருந்தீங்க?"

"டிரங்குப் பொட்டிக்குள்ள சார். மாதா படத்துக்குப் பின்னால."

"கருவாட்டு வாசம் வருதே?"

"எங்க வீட்ல எதுல சார் வராது?"

அவர் சிரிக்கவில்லை. "இது பூஞ்சைம்மா. பரவும். என் ஊசி முனை வைரம்" என்றார்.

"வைரத்தை பூஞ்சை என்னங்க செய்யும்?" என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வி அவர் காதில் விழவில்லை.

"அதோட நடு ஓட்டையைப் பாரு. இதுக்குன்னு ஒரு வளையம் இருக்கு, அதை மாட்டித்தான் போடணும். நம்மகிட்ட அது இல்ல."

பதினான்கு சாமான் வாங்கிய வீட்டில், நாலு விரலுக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் வளையம் இல்லை. அவரிடம் இருந்த ஒன்பதும் பெரிய தட்டு, சின்ன ஓட்டை. மற்றவர் தட்டும் ஒருநாள் இந்த வீட்டுக்குள் வரும் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

அவள் தட்டைத் திரும்பத் துண்டில் சுற்றினாள். "தெரியாமக் கொண்டாந்துட்டேன் சார். மன்னிச்சிருங்க" என்றாள்.

இந்த வாக்கியத்தை நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கேட்கிறேன். வயிற்றுவலியோடு பத்து மைல் நடந்து வந்துவிட்டு, டாக்டர் ஒரு சத்தம் போட்டதும் நோயாளிகள் சொல்கிற வாக்கியம் அது. ஆஸ்பத்திரியில் அதை நான் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக் கூடத்தில் பொறுக்க முடியவில்லை. பையை அவள் கையிலிருந்து வாங்கி என் பீரோவில் வைத்தேன். "புதன்கிழமை காலைல வா" என்றேன்.

புதன்கிழமை என் வீட்டுக்காரர் ராமநாதபுரம் போகவேண்டியிருந்தது. பென்சனுக்காக, தாம் இன்னும் உயிரோடு இருப்பதாக நேரில் போய்க் காட்டிவிட்டு வரவேண்டும். காலை பஸ்ஸில் போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார்.

எனக்கு அன்று விடுமுறை. அவளுக்கு நைட் டூட்டி முடிந்த காலை. தலைகூடச் சீவாமல் வந்திருந்தாள். அடுப்படி மேடையில் வெள்ளைத் துணியை விரித்தேன். நடுவில் ஒட்டியிருந்த காகிதம் நனையாமல் இருக்க, இரண்டு பக்கமும் டிபன் டப்பா மூடியை வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பூட்டி வைத்திருந்த டிஸ்டில்ட் வாட்டரைத் திறந்தேன். குழந்தைகளுக்குத் தேய்க்கிற ஷாம்பு ஒரே ஒரு சொட்டு. அவருடைய மெல்லிய துணிகளிலேயே நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்தேன். புண்ணைத் துடைப்பதுபோலத்தான். அழுத்தக் கூடாது, ஒரே பக்கமாகப் போகவேண்டும், ஒரு தடவை தொட்ட இடத்தை அழுக்குத் துணியால் திரும்பத் தொடக் கூடாது. தட்டில் இருக்கிற கோடுகள் வட்டமாக ஓடுகின்றன, அதன் போக்கிலேயே போனேன். பூஞ்சை சாம்பல் நிறத்தில் கரைந்து வந்தது. மூன்று தண்ணீர் மாற்றினேன். கடைசியில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், காக்கைச் சிறகு மாதிரி கறுப்பாக மின்னியது. ஒரு கீறல் மட்டும் ஓரத்திலிருந்து பாதிவரை ஓடியது. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

தட்டு நிழலில் காய்கிற நேரத்தில் ஓட்டைக்கு வழி பார்த்தோம். மாம்பழ ஜூஸ் பாட்டில் மூடி ஏறக்குறைய சரியாக இருந்தது. ஆணியைச் சுடவைத்து அதன் நடுவில் துளை போட்டேன். விளிம்பைச் சுற்றி, ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்டரை, கச்சிதமாகப் பிடிக்கிறவரை சுற்றினேன். பிளாஸ்டர் ஒட்டத் தெரியாதவள் இல்லையே நான்.

முதல் தடவை போட்டபோது ஒரு தடித்த ஆண் குரல், குடித்துவிட்டுத் தூக்கத்தில் புலம்புவதுபோல இழுத்தது. அவள் முகம் வெளிறிவிட்டது.

"சிஸ்டர், இது எங்கப்பா மாதிரில்ல இருக்கு!"

சின்னத் தட்டுக்கு வேகம் அதிகம் வைக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்த விசையைத் தள்ளினேன். உடனே ஆர்மோனியம் எழுந்தது. படபடவென்று எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே, ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து மாதாவைக் கூப்பிட்டார்கள். பிறகு அவர்கள் ஒதுங்க, ஒரு குரல் மட்டும் தனியாக மேலே போனது. கூர்மையான குரல். பழக்கம் இல்லாத குரல், ஆனால் பயம் இல்லாத குரல். மூடி சரியாக நடுவில் உட்காராததால் அந்தக் குரல் அலைமேல் வள்ளம் மாதிரி ஏறி இறங்கியது. அவளைப் பார்த்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"நிப்பாட்டுங்க சிஸ்டர்."

"என்னாச்சு?"

"இது எங்கம்மா இல்ல."

"அம்மா குரல் ஞாபகமில்லன்னு நீதான சொன்ன?"

"அம்மா கொரலு ஞாபகமில்ல. இந்தக் கொரலு யாருதுன்னு தெரியும்ல. இது எங்க சின்னம்மா. 'ஏ மூதேவி, எந்திரி, பஸ்ஸு போயிரும்'னு தெனம் காலைல கத்துமே, அதே கொரலு."

அம்மா இறந்தபிறகு அப்பா, அம்மாவின் தங்கையையே கட்டியிருக்கிறார். இவளையும் இவள் தம்பியையும் வளர்த்தது அந்தச் சின்னம்மாதான். இப்போதும் இவளோடுதான் இருக்கிறார். ஐம்பது வருடமாகப் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எடுத்துத் தொட்டுக் கும்பிட்ட அம்மா குரல், அன்று காலையிலும் வீட்டிலிருந்து போனில் தன்னை ஏசிய குரல்தான் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் கேட் திறந்தது. உயிரோடு இருப்பதை அரசாங்கம் சீக்கிரமே ஒப்புக்கொண்டுவிட்டது போல.

என் வீட்டுக்காரர் கூடத்துக்குள் வந்தார். தம்முடைய பிளேயரைப் பார்த்தார். அதன் நடுவில் பிளாஸ்டர் சுற்றிய ஜூஸ் மூடியைப் பார்த்தார். என் வாழ்க்கையில் அவரை நான் அப்படி ஒரு கோலத்தில் பார்த்ததில்லை.

"என்ன இது?"

"மூடி."

"கிளவுஸ் போட்டியா?"

"இல்ல."

"துப்பாக்கி?"

"சுடலைங்க."

அவர் குனிந்து கண்ணை மூடியின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். சத்தம் போடப்போகிறார் என்று நான் இடுப்பில் கைவைத்துத் தயாராக நின்றேன். அவர் விரலால் தட்டை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். "சென்டர்ல இல்ல. இடது பக்கம் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கு" என்றார். பிளாஸ்டரை ஒரு பக்கம் உரித்து, மறுபக்கம் ஒட்டி, ரசமட்டம் வைத்து, கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார். திரும்பப் போட்டபோது குரல் ஆடவில்லை. நேராக நின்று பாடியது. நேராகக் கேட்டபிறகு சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. "சின்னம்மாதான்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சின்னம்மாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எண்பதை நெருங்குகிறவர், ஒரு காது மந்தம். வந்ததும் வராததுமாக ஒரு பொட்டலம் கருவாட்டை என் கையில் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம்வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பிறகு விருந்தாளி முன்னால் பூசையைத் தொடங்கினார். பிரஷ் போட்டார். வெல்வெட் போட்டார். துப்பாக்கியை எடுத்தார்.

"ஏஞ் சார்," என்றார் சின்னம்மா, "அதை ஏன் சுடுறீக? அது என்ன செஞ்சுச்சு?"

பாட்டு தொடங்கியது. சின்னம்மா நல்ல காதைத் திருப்பிக் கேட்டார். தனிக் குரல் வந்த இடத்தில் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஆமா, நாந்தான்."

"அம்மான்னுல அப்பா சொன்னாரு?" என்றாள் இவள்.

"ஒங்கப்பன் எத்தனையோ சொன்னான்."

நடந்ததைச் சின்னம்மாவே சொன்னார். மதுரையில் பதிவுக்கு முந்தின நாள், இவள் அம்மா ஐஸ் போட்ட சர்பத்தை இரண்டு டம்ளர் குடித்துவிட்டார். மறுநாள் தொண்டை கட்டிவிட்டது. பங்குச் சாமியார் கோபத்தில், தங்கையை முன்னால் இழுத்து நிறுத்தி நீ பாடு என்றுவிட்டார். அம்மா இறந்தபிறகு, பிள்ளைகளிடம் அது அம்மா குரல் என்று அப்பா சொல்லிவைத்தார்.

"சின்னப் புள்ளைக. ஏதாவது ஒண்ணு வேணும்ல. நானும் சரின்னு விட்டுட்டேன்."

"அம்பது வருசமாவா?"

"நடுவுல சொன்னா மட்டும்? எனக்கு மாலை போட்ருப்பீகளா?"

இவள் தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப அம்மா கொரலு எங்கயுமே இல்ல" என்றாள்.

"யாரு சொன்னா? கூட்டத்துல நிக்கிறால்ல. தொண்டை கட்டுனாலும் அவ வாயை மூட மாட்டா. சார், திரும்பப் போடுங்க."

போட்டார். எல்லோரும் சேர்ந்து பாடுகிற இடம் வந்தது. சின்னம்மா விரலைத் தூக்கினார். "எல்லாரும் நிப்பாட்டுன பொறவு ஒருத்தி இழுக்குறா பாரு. இந்தா! அதுக்குத்தான் சாமியாரு ஏசுனாரு."

எனக்கு முதலில் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் திரும்பப் போட்டார். பிரஷ், வெல்வெட், துப்பாக்கி எதுவும் இல்லாமல், ஊசியை வெறும் விரலால் தூக்கி அந்த இடத்தில் இறக்கினார். மூன்றாவது தடவை எனக்குப் பிடிபட்டது. கூட்டம் நின்றபிறகு அரை மூச்சு நேரம், கரகரத்த ஒரு நூல். கடுகு வெடிக்கிற சத்தத்துக்குள் அமிழ்ந்து போகிற மாதிரி. நாலாவது தடவை அவளுக்கும் கேட்டுவிட்டது. அவள் அழவில்லை. நோயாளியைப் பற்றி என்னிடம் சொல்கிற தொனியில் சொன்னாள்.

"தொண்டை நல்லாத்தான் கட்டியிருக்கு."

அதை போனில் ஏற்றித் தருவதாக என் வீட்டுக்காரர் தாமாகவே முன்வந்தார். எனக்கு ஆச்சரியம்தான். பிளேயரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து மூன்று நாள் உட்கார்ந்தார். இரைச்சலை நீக்குவதற்கென்று ஏதோ ஒரு சாப்ட்வேரை இறக்கிவைத்து, படபடப்பு, கீறல், ஊ என்கிற சத்தம் எல்லாவற்றையும் துடைத்து எடுத்தார். நாலாம் நாள் அவளை வரச்சொல்லிப் பெருமையோடு போட்டுக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. நேற்றுப் பாடியது போல இருந்தது. சின்னம்மா குரல் கணீர் என்று வந்தது.

அவள் இரண்டு தடவை கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், அம்மாவக் காணோமே."

அவர் திரும்பப் போட்டுக் கேட்டார். கூட்டம் பாடியது, நின்றது, அதன்பின் சுத்தமான மௌனம். கரகரத்த அந்த அரை மூச்சை இரைச்சல் என்று நினைத்து, கம்ப்யூட்டர் கீறலோடு சேர்த்துத் துடைத்துப் போட்டுவிட்டது. இவரும் மூன்று நாள் உற்று உற்றுக் கேட்டவர்தான். அவள் சொல்லும்வரை இவர் காதுக்கு அது இல்லாதது தெரியவில்லை.

முப்பத்தோரு வருடத்தில் அளவு தப்பு என்று எத்தனையோ பேர் இவரிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். மனு போட்டிருக்கிறார்கள், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள். ஒருவருக்கும் இவர் இரண்டாவது தடவை சங்கிலி போட்டதில்லை. "தப்பு என்னோடதுதாம்மா" என்று இவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். என்னிடம் இன்னும் சொன்னதில்லை.

அன்றைக்கே படபடப்பும் கீறலுமாக, உள்ளது உள்ளபடி ஏற்றிக் கொடுத்தார். மறுவாரம் அந்த வளையத்துக்கும் ஆர்டர் போட்டார். அலுமினியத்தில் செய்தது, வெல்வெட் பைக்குள் வந்தது. ஜூஸ் மூடி அளவுக்கு அது கச்சிதமாகப் பிடிக்கவில்லை என்பதை நான் இரண்டு தடவைதான் சொன்னேன்.

இப்போது அவள் அந்தப் பாட்டை போன் ரிங்டோனாக வைத்திருக்கிறாள். எல்லோருக்கும் இல்லை, சின்னம்மா கூப்பிட்டால் மட்டும். கிழவி ஒரு நாளைக்கு ஆறு தடவை கூப்பிடுகிறார், வெற்றிலை வாங்கிவா, மாத்திரை வாங்கிவா என்று. டாக்டர் வார்டு சுற்றி வரும்போதெல்லாம், அவள் இடுப்பிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் மாதாவைக் கூப்பிட்டு அலறுகிறார்கள். டாக்டர் முறைக்கிறார். இவள் போனை உடனே எடுப்பதில்லை. கூட்டம் பாடி முடித்து, அந்தக் கடைசி இழுவையும் வந்தபிறகுதான் பச்சைப் பட்டனைத் தொடுகிறாள். அதற்குள் சின்னம்மா பொறுமையிழந்து அந்தப் பக்கம் வைத்துவிடுகிறார்.